விருப்பம் இருந்தால் மட்டும்

இன்ஸ்பெக்டர், உங்கள் அறைக்கு நான் படியேறித்தான் வந்தேன். கீழே நின்ற காவலர் லிஃப்டைக் காட்டினார், வேண்டாம் என்றேன். பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாடிக்கு எதற்கு லிஃப்ட்? நாள் முழுக்க வகுப்பில் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவளுக்கு இதெல்லாம் ஒரு ஏற்றமே இல்லை.

நாங்கள் ஸ்பேனர் என்று கூப்பிடும் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "டீச்சர் என் வீட்டுக்காரர் மூளையைக் கலைச்சுட்டாங்க" என்று அதில் இருக்கிறது. பாவம், தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிற பெண். தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்லியிருக்கிறாள். நீங்கள் படித்தவர். நீங்களும் அதையே திருப்பிச் சொல்வதுதான் எனக்கு வருத்தம். ஒருவர் மூளையை இன்னொருவர் கலைக்க முடியாது. அவரவர் மூளையை அவரவரேதான் கலைத்துக்கொள்கிறார்கள். நான் அதற்குக் கொஞ்சம் இடம் விட்டேன், அவ்வளவுதான். எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

நர்சிங் கல்லூரியில் உளவியல் எடுக்கிறேன். பாடத்தில் அறிதல் முரண்பாடு என்று ஒரு பகுதி உண்டு. பெயரைக் கேட்டவுடன் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நான் என் பெரியம்மா கதையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். பெரியம்மா தன் மகனை அழ அழ விடுதியில் கொண்டுபோய் விட்டாள். அவன் காய்ச்சலில் படுத்தான், இளைத்தான், பேசுவதையே குறைத்துக்கொண்டான். அவள் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "அங்க போனதுக்கப்புறம்தான் அவன் மனுஷனா ஆயிருக்கான்" என்றாள். பெரியம்மா பொய் சொல்கிறாளா என்று கேட்பேன். ஆமாம் என்று வகுப்பே சொல்லும். இல்லை. பொய் சொல்கிறவளுக்கு உண்மை தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது. நல்ல அம்மா என்ற எண்ணமும் பிள்ளையை அழ வைத்த செய்கையும் உள்ளே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்த நெருடலைத் தாங்க முடியாமல் மனசே ஒரு கதையைக் கட்டி அவளிடம் கொடுத்துவிட்டது. அவள் அதை நம்பிவிட்டாள். இதை வேஷம் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. வேஷக்காரனுக்கு ஒப்பனையைக் கலைக்கத் தெரியும்.

ஒருமுறை முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அப்போ டீச்சர், உங்களுக்கும் இது வருமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. "வரும். படிச்சவங்களுக்கும் வரும். ஆனா எனக்கு அது வரும்போதே தெரிஞ்சிடும்" என்றேன். சிரித்தார்கள். நானும்தான்.

என் தங்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விசாரணைக் காகிதங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவள் எப்படிப்பட்டவள் என்று அதில் இருக்காது. நாங்கள் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் மூக்கில் கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். தெரியாதவர்களாக இருந்தாலும் கை நீட்டிச் சரிசெய்துவிடுவாள். அப்பா போன பிறகு நான்தான் அவளைப் படிக்க வைத்தேன். அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். சண்டை என்றால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, பத்து நிமிஷத்தில் வந்து மடியில் தலை வைப்பாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவள்தான் காரணம் என்று அம்மா சொல்வதுண்டு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் இருப்பது பழைய லிஃப்ட். வெளிக்கதவைக் கைப்பிடி பிடித்து இழுக்க வேண்டும். லிஃப்ட் அந்த மாடியில் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். அதற்கென்று உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. எங்கள் மாடிக் கதவில் அந்தப் பூட்டு தேய்ந்துபோயிருந்தது. லிஃப்டைப் பராமரித்தவர் ஒரு மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் எட்டிப் பார்க்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் ஸ்பேனர்தான். முந்தின நாள் சாயங்காலம் வந்து பார்த்தார். வேறு பூட்டு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அம்மாவின் முழங்காலைக் காட்ட மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. அம்மாவும் நானும் லிஃப்டில் இறங்கினோம். வாசலில் வண்டி காத்திருந்தது. எக்ஸ்ரே படத்தை மேலேயே விட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிட்டுவுக்குப் போன் செய்து எடுத்துவரச் சொன்னேன். அவள் கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. லிஃப்ட் கீழேயே இருந்தது.

அந்தச் சத்தம் அம்மாவுக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம்.

விசாரணை நடந்தது. ஸ்பேனர் ஒரே வார்த்தையில் நின்றார்: "நான் மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன்." காலையில் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். ஓடியது என்றேன். அம்மாவும் அதையே சொன்னாள். எங்கள் குடியிருப்புக் காவலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். மெயின் சுவிட்ச் இருக்கும் அறைக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம் என்று சொல்லி ஸ்பேனரை விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து எதிர்த்த டீக்கடையில் அவரைப் பார்த்தேன். பன்னை டீயில் முக்கிக்கொண்டே யாரிடமோ ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"டீச்சர், அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

"தினமும் நினைச்சுக்குவேன் டீச்சர். என் பொண்ணு மாதிரிதானே அதுவும். ஆனா ஒண்ணு, நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன். அது என் மனசுக்குத் தெரியும். அதனாலதான் படுத்தா தூக்கமாவது வருது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் மீசையில் பன் துணுக்கு ஒட்டியிருந்தது. வீடு வரைக்கும் எனக்குள் அந்த வார்த்தை மட்டும்தான் ஓடியது. தூக்கம் வருகிறதாம். என் வீட்டில் அம்மா சிட்டுவின் செருப்பைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவருக்குத் தூக்கம் வருகிறது. அந்தத் தூக்கத்தை அவரிடமிருந்து எடுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். பசி மாதிரி ஒன்று. சாப்பிட்டால்தான் அடங்கும்.

கீழ்வீட்டு வக்கீல் மேல்முறையீடு செய்யலாம் என்றார், சாட்சி திரட்டலாம் என்றார். வேண்டாம் என்றேன். மனுஷர்களைப் பற்றி நிறையப் பேருக்கு இருக்கிற தப்பெண்ணம் அது: ஆதாரத்தைக் கொண்டுவந்து மூஞ்சிக்கு நேரே நீட்டினால் எதிராளி மனம் மாறிவிடுவான் என்று. மாற மாட்டான். இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். நீங்கள் உரக்கக் கத்தக் கத்த, அவனுக்குத் தான் செய்தது சரி என்று தோன்றிக்கொண்டே போகும். மிரட்டினாலும் அப்படித்தான். மிரட்டலுக்குப் பணிந்து ஒன்றைச் செய்கிறவன், மிரட்டினார்கள், செய்தேன் என்று சொல்லி மனசைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். யாருமே கட்டாயப்படுத்தாமல், தன் காலால் நடந்து வந்து, தன் கையால் செய்கிறானே, அவனுக்குத்தான் தப்பிக்க வழியில்லை. ஏன் செய்தேன் என்று அவன் தன்னையேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிலையும் தனக்குள்ளேயேதான் தேட வேண்டும்.

அதனால் நான் ஸ்பேனரிடம் சின்னச் சின்ன உதவிகள் கேட்டேன்.

முதலில் கேட்டது ஒன்றுமே இல்லாத விஷயம். "அண்ணே, அம்மா யாரோடயும் பேச மாட்டேங்கறாங்க. ஒருநாள் வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறீங்களா? விருப்பம் இருந்தா மட்டும்." அதற்கு முன் நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா சிட்டுவின் சின்ன வயசுக் கதைகளைச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். புறப்படும்போது, சுவரில் சிட்டுவின் படத்தில் தூசியாக இருக்கிறது, எனக்கு எட்டவில்லை, துடைத்துவிட முடியுமா என்று கேட்டேன். துடைத்தார். அடுத்த வாரம் நான் கூப்பிடாமலே வந்தார்.

உதவி செய்யச் செய்ய, செய்கிறவனுக்கு ஒரு கணக்கு உதைக்கும். ஒன்றும் கடன்படாத வீட்டுக்கு நான் ஏன் வாராவாரம் போகிறேன்? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அவர் மனைவி கேட்டாள். அவரே என்னிடம் சொன்னார். "உன் மேல தப்பு இல்லன்னா எதுக்குய்யா அங்க போய் உக்காந்திருக்க, அப்படின்னு சண்டை போடறா டீச்சர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றதுன்னு தெரியல."

எனக்கு அவள்மேல் நன்றிகூட உண்டு. நான் கேட்டிருந்தால் அவர் உஷாராகியிருப்பார்.

அதற்குப் பிறகு மன்னிப்பு. அம்மாவின் மனசு ஆறட்டும் என்பதற்காக ஒரு வார்த்தை, நிஜமாக இல்லை, சும்மா அம்மாவுக்காக, என்றேன். விருப்பம் இருந்தால் மட்டும் என்றேன். அவர் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து விரலால் உருட்டினார். பிறகு அம்மாவின் காதருகே குனிந்து, "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார். அம்மா அவர் தலையில் கை வைத்தாள். அவர் விசும்பினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் சொல்லிவிட்ட ஒன்றை மனசு எப்படித் துரத்திக்கொண்டு ஓடுகிறது என்று பாடத்தில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். கண்ணெதிரே பார்த்தது அன்றைக்குத்தான். அன்று ராத்திரி நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

கல்லூரிக்கு அவரை அழைத்துப் போனதைத்தான் நீங்கள் குறிப்பாகக் கேட்டீர்கள். நர்சிங் பிள்ளைகளுக்குக் கவனக்குறைவைப் பற்றி யாராவது அனுபவப்பட்டவர் பேச வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். "நான் என்னத்த டீச்சர் பேசறது? நான் ஒண்ணும் பண்ணலயே." உங்களைப் பற்றிப் பேச வேண்டாம், பொதுவாக ஒரு மெக்கானிக் மறந்துபோய்விட்டதாக வைத்துக்கொண்டு பேசுங்கள் என்றேன். சன்மானம் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. அதை வேண்டுமென்றேதான் விட்டேன். கொடுத்திருந்தால், காசுக்காகப் பேசினேன் என்று அவர் தப்பித்திருப்பார்.

முதல் தடவை ஒரு மெக்கானிக் என்று ஆரம்பித்தார். பாதியிலேயே அது நான் என்று ஆகிவிட்டது. அவருக்கே அது தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். பிள்ளைகள் அழுதார்கள். ஒருத்தி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ தைரியமா சொல்றீங்களே அங்கிள்" என்றாள். அந்தப் பாராட்டு அவரை முடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் பேசினார். பேசப் பேசக் கதைக்குக் கைகால் முளைத்தது. மெயினில் கை வைத்தபோது போன் வந்ததாம். மனைவி ஊசி வாங்கிவரச் சொன்னாளாம். பேசிக்கொண்டே வெளியே வந்துவிட்டாராம். சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறதாம். எங்கள் சுவிட்சில் விளக்கே கிடையாது. நான் திருத்தவில்லை. ஒரே ஒரு தடவை, "நல்லா ஞாபகம் இருக்கா அண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்து நடந்த மாதிரி இருக்கு டீச்சர்."

தினமும் செய்கிற ஒரு வேலையை, ஒரு குறிப்பிட்ட நாளில் செய்தோமா இல்லையா என்று யாருக்கு நினைவிருக்கும்? நீங்கள் இன்று காலை வீட்டைப் பூட்டினீர்களா? பூட்டியிருப்பீர்கள். ஆனால் பூட்டியது கண்ணுக்குத் தெரிகிறதா?

அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். எந்த லிஃப்டையும் தொட முடியவில்லை என்றார். இளைத்துப்போனார். சட்டைப் பையில் ஸ்பேனரும் இல்லை. மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்று மனைவி சொன்னாள். அவள் ஒருநாள் மத்தியானம் என்னைத் தேடி வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. வாசலிலேயே நின்றாள், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அக்கா, அவர் தூங்கறதே இல்லக்கா. சோத்துல கை வெச்சா அப்படியே உக்காந்திருக்கார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க மேல தப்பில்லன்னு சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார், நீங்க சொன்னா கேப்பார்."

"நான் ஒருநாளும் அவர் மேல தப்புன்னு சொன்னதே இல்லையேம்மா. வேணும்னா அவரையே கேட்டுப் பாரு."

அது உண்மை. ஒருநாளும் சொன்னதில்லை. அவள் படியிறங்கிப் போய்விட்டாள். தூங்குவதில்லை என்று அவள் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று நிறைந்தது. அதை நான் ஒளிக்க விரும்பவில்லை.

கடைசி நாள் அவர் பகலில் வந்தார். அம்மாவோடு உட்காரவில்லை. எங்கள் மாடியில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புதுப் பூட்டு போட்ட கதவு. ஆனால் மெக்கானிக்குகளிடம் வெளியிலிருந்து திறக்கிற சாவி ஒன்று இருக்கும். அது அவர் கையில் இருந்தது. நான் குப்பைப் பையை வைக்க வெளியே வந்தவள் அவரைப் பார்த்தேன். கதவைத் திறந்து பிடித்திருந்தார். உள்ளே இருட்டு. கயிறுகள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன.

"இங்கதானே டீச்சர்?"

"ஆமா."

"அது பயந்திருக்குமா?"

"தெரியலண்ணே."

"எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நீங்க சொல்லுங்க."

நான் கை நீட்டினால் அவர் சட்டை எட்டும் தூரம். சொல்ல வேண்டியதும் ஒரே ஒரு வாக்கியம்தான். அது எனக்குத் தெரியும். நான் குப்பைப் பையைச் சுவரோரமாக வைத்தேன்.

"என்கிட்ட எதுக்குண்ணே கேக்கறீங்க? எல்லாம் உங்க விருப்பம்."

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம். இந்தத் தடவையும் அம்மாவுக்குச் சத்தம் கேட்கவில்லை.

ஆக, அவர் செத்துப்போக வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று கேட்டால், ஆமாம், நினைத்தேன். அதற்காகத்தான் எல்லாவற்றையும் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

காவலாளி உங்களிடம் வேறொன்றும் சொல்லியிருக்கிறார் என்றீர்கள். அதுவும் உண்மைதான். ஸ்பேனர் முந்தின நாள் சாயங்காலமே லிஃப்டை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். அம்மாவால் படி இறங்க முடியாது. ஒரே ஒரு தடவை மெயினைப் போட்டுவிட்டு உடனே நிறுத்திவிடுங்கள் என்று காவலாளியிடம் நான்தான் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார். ஸ்பேனர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றார். நான் கொஞ்சம் அதட்டினேன். போட்டார். நாங்கள் இறங்கிய பிறகு நிறுத்தப் போனவரை, அம்மாவை வண்டியில் ஏற்றக் கை கொடுங்கள் என்று நான்தான் கூப்பிட்டேன். சிட்டுவுக்குப் போன் செய்தபோது லிஃப்ட் ஓடுகிறது, சீக்கிரம் வா என்றும் சொன்னேன். அன்று சாயங்காலம் காவலாளியிடம், "நீங்க எதுவும் சொல்லாதீங்க, வேலை போயிடும், நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த ஏழை மனுஷனின் நன்மைக்காகச் சொன்னது. விசாரணையில் என்னை யாரும் இதைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நிறுத்துவது என்றால் என்ன? ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவதா? ஆபத்து தெரிந்தவர் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். அறைக்கு ஒரு பூட்டு போட்டிருக்க வேண்டும். யாராவது ஒரு கிழவியை இறக்குவதற்காகப் போடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்னொருத்தர் போட முடிகிற மாதிரி நிறுத்தினால் அது நிறுத்தியதே ஆகாது. நான் செய்தது எந்த மகளும் செய்வது. இதை என் வசதிக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு நெருடல் வந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும். ஒருநாள்கூட வரவில்லை.

போகப் போக எனக்கு இதில் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. ஆரம்பத்தில் கொஞ்சம் இருந்தது என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பிள்ளைகள் முன்னால், போன் வந்ததையும் விளக்கு எரிந்ததையும் அவர் தன் வாயாலேயே சொன்ன பிறகு எப்படி இருக்கும்? யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கடைசியில் அந்தக் கதவைத் திறந்ததும் அவர் கைதான். தப்பே செய்யாத மனுஷன் அப்படிக் காலெடுத்து வைப்பானா, நீங்களே சொல்லுங்கள்.